சைக்கிளில் கேமரா கொண்டுபோவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்குப் படிப்படியாக

நீண்ட சைக்கிள் பயணம் ஒன்றை முடித்து வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கடைசி மூன்று நாள் படங்களில் எல்லாம் இடது ஓரம் கலங்கியிருந்தது. கேமரா ஒருமுறைகூடக் கீழே விழவில்லை. மழையில் நனையவில்லை. பின் கேரியரில் கட்டிய பக்கவாட்டுப் பையில், ஃபோம் வைத்த உறைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. பழுதுபார்க்கும் இடத்தில் லென்ஸைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இரண்டு திருகுகள் தளர்ந்து ஒரு கண்ணாடி சற்றே சாய்ந்துவிட்டது என்றார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று விண்ணப்பித்தேன். ஆறு வாரம் அலைந்த பிறகு, இது விபத்து அல்ல, படிப்படியாக ஏற்பட்ட சேதம் என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். அவர்கள் சொன்னது அதில் அச்சாகியே இருந்தது.

கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நாம் எல்லாரும் பை வாங்குகிறோம். விழுவது எப்போதோ ஒருமுறை நடப்பது. அதிர்வோ சக்கரம் சுழலும் ஒவ்வொரு நொடியும் நடக்கிறது. விழுந்தால் இன்சூரன்ஸ் வரும், அதிர்வுக்குப் பெரும்பாலும் வராது. இந்த வழிகாட்டியில் இருப்பவை எல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

1. எந்தக் கேமரா என்று முதலில் தீர்மானியுங்கள்

பையைத் தேடும் முன் எடையைப் பாருங்கள். பெரிய சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் தகடு) கொண்ட முழுச்சட்ட மிரர்லெஸ் கேமராவின் உடல், அதாவது லென்ஸ் இல்லாத பகுதி, ஏறத்தாழ 650 கிராம் இருக்கும். அதில் எஃப் 2.8 ஒளித்துளை கொண்ட 24-70 மி.மீ. ஜூம் லென்ஸை மாட்டினால் மொத்தம் ஒன்றரைக் கிலோவைத் தொடும். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி உடலில், ஜூம் இல்லாத சிறிய பிரைம் லென்ஸ் ஒன்றை மாட்டினால் அரைக் கிலோவைச் சுற்றி முடிந்துவிடும். ரிக்கோ ஜிஆர் 3 போன்ற சட்டைப்பைக் கேமராக்கள் 300 கிராமுக்கும் கீழே.

மேசைமேல் இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரண்டு மணி நேரம் பெடல் மிதித்த பிறகு கழுத்தும் தோளும் சொல்லும். பாரமான கேமராவைக் கொண்டுபோகிறவர்கள் அதை மெல்ல மெல்லப் பையின் அடியில் தள்ளிவிடுகிறார்கள். பிறகு எடுப்பதே இல்லை. என் கருத்து: முதல் ஆறு மாதத்துக்கு ஒரு உடல், ஒரு சிறிய லென்ஸ், அதற்கு மேல் வேண்டாம்.

ஜூமா பிரைமா என்று யோசித்தால், நீண்டு சுருங்கும் ஜூமில் நகரும் பாகங்கள் அதிகம். குலுங்கும்போது குழல் தானாக வெளியே சரியும், நீட்டிச் சுருக்கும்போது தூசியையும் உள்ளே இழுக்கும். பூட்டு இருந்தால் பையில் வைக்கும் முன் பூட்டிவிடுங்கள்.

உடலுக்குள்ளேயே நடுக்கத்தடுப்பு உள்ள கேமராக்களில், அணைத்து வைத்திருக்கும்போது சென்சார் தளர்ந்து நிற்பது உண்டு. லேசாக ஆட்டினால் உள்ளே 'டொக்' என்று கேட்கும். அது பழுதல்ல. ஆனால் மணிக்கணக்காகக் குலுங்கும் இடத்தில் அதை ஏன் வைக்கக்கூடாது என்பதற்கு அந்தச் சத்தமே போதும். கைபேசிக்கும் இதே கதைதான். சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத்தடுப்பையும் ஆட்டோஃபோகஸையும் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் அறிவுறுத்தியது. சைக்கிளில் எஞ்சின் இல்லைதான். கரடுமுரடான சாலை இருக்கிறது.

2. எங்கே வைப்பது: உடம்பிலா, சைக்கிளிலா?

இதில் தவறினால் மற்ற எதைச் செய்தும் பயன் குறைவு. நிதானமாகப் படியுங்கள்.

சைக்கிள் சட்டத்தில் அதிர்ச்சியைத் தாங்க டயரைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளத்தில் இறங்கும்போது உங்கள் முழங்கையும் முழங்காலும் மடிந்து அடியை வாங்கிக்கொள்கின்றன. கேரியரில் கட்டிய பைக்கு அப்படி மடிய ஒன்றும் கிடையாது. அதனால் கேமரா உங்கள் உடம்பில் இருப்பதே நல்லது. பள்ளம் வரும்போது சீட்டிலிருந்து சற்று எழுந்து நின்றீர்களானால், உங்களோடு கேமராவும் தப்பிக்கிறது.

நல்லதிலிருந்து மோசம்வரை என் வரிசை இது.

கீழ்முதுகில் படியும் ஸ்லிங் பை (ஒற்றை வாரால் மார்பின் குறுக்கே மாட்டுவது) அல்லது இடுப்புப் பை. குனிந்து ஓட்டும்போது கீழ்முதுகு ஏறக்குறையச் சமதளம், பை அங்கே மேசைமேல் வைத்ததுபோல் உட்கார்ந்துவிடும். நிறுத்தியதும் முன்பக்கம் சுழற்றினால் கேமரா கையில். பக்கவாட்டில், இடுப்பெலும்பின் மேல் மட்டும் வைக்காதீர்கள். சைக்கிளிலிருந்து சரிந்து விழுகிறவர்களுக்கு முதலில் தரையில் மோதுவது பெரும்பாலும் இடுப்பும் தோளும்தான்.

முதுகுப்பை. அதிர்வைப் பொறுத்தவரை இதுவும் நல்லதே. ஆனால் வியர்வை உண்டு, எடுக்க நேரமாகும். கடினமான கேமராவை முதுகுத்தண்டை ஒட்டி வைக்கக் கூடாது. மல்லாந்து விழுந்தால் அந்த அடி தண்டுவடத்தில் இறங்கும். கேமராவுக்கும் முதுகுக்கும் நடுவில் மடித்த ஸ்வெட்டரோ துண்டோ இருக்கட்டும்.

மார்பில் கிளிப் போட்டு மாட்டுவது. எடுக்க இதைவிட வேகமானது இல்லை. மெதுவான பயணத்துக்கு, சிறிய கேமராவுக்குச் சரி. முன்னால் குப்புற விழுந்தால் கேமராவின் மேலேயே விழுவீர்கள். இறக்கத்தில் வேகமெடுக்கும் முன் பைக்குள் வைத்துவிடுங்கள்.

ஹேண்டில்பார் பை. சைக்கிளில்தான் வைக்க வேண்டும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். இரும்புத் தாங்கியில் இறுக்கி மாட்டும் பையைவிட, வாரால் கட்டும் மென்மையான பை அதிர்வைக் கொஞ்சமாவது விழுங்கும். அடியில் இரண்டு விரற்கடை தடிமனுக்கு ஃபோம் வேண்டும். பை முன் டயரைத் தொடக்கூடாது. பிரேக் கேபிளையும் நெருக்கக்கூடாது. உள்ளே இரண்டு கிலோவைத் தாண்டினால் திருப்பும்போது ஹேண்டில் இழுப்பதை நீங்களே உணர்வீர்கள்.

பின் கேரியர். வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் உடைகளுக்கு நடுவில், பையின் அடியைத் தொடாமல், லென்ஸைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள்.

3. வாரைக் கவனியுங்கள், இது உயிர்ப்பிரச்சினை

கழுத்தில் மாட்டிய கேமரா குனியும்போது முன்னால் தொங்கும், முழங்காலில் இடிக்கும், ஹேண்டிலில் சிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வார் முன் சக்கரத்துக்குள் போவது. கம்பிகளில் ஒரு வார் சுற்றிக்கொண்டால் சக்கரம் அந்தக் கணமே நின்றுவிடும். நீங்கள் ஹேண்டிலைத் தாண்டி விழுவீர்கள்.

எனவே ஓட்டும்போது கழுத்தில் கேமரா இருக்கக்கூடாது. ஹேண்டில்பார் பையில் வைத்தால் வாரையும் முழுவதும் உள்ளே சுருட்டி வைத்து ஜிப்பை மூடுங்கள். ஒரு சுருக்குகூட வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. பைகளில் மிச்சமாகத் தொங்கும் நாடாக்களை வெட்டுங்கள் அல்லது ரப்பர் வளையம் போட்டு மடக்குங்கள்.

ஸ்லிங் பை வாங்கும்போது துணை வார் உள்ளதா என்று பாருங்கள். மார்பின் குறுக்கே போகும் முதன்மை வாரோடு, கைக்கு அடியில் வந்து சேரும் சிறு நாடா அது. அது இல்லாத பை குனிந்ததும் வயிற்றுப்பக்கம் சரிந்து முன்னால் வந்துவிடும். கடையிலேயே மாட்டிக்கொண்டு, ஓட்டுவதுபோல் குனிந்து, தோளை இருபுறமும் குலுக்கிப் பாருங்கள். நகர்ந்தால் வாங்காதீர்கள்.

4. பைக்குள் அடுக்குவது

கேமரா உள்ளே ஆடக்கூடாது. பையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சென்சாரின் 'டொக்' தவிர வேறு சத்தம் கேட்டால் இன்னும் ஃபோம் தேவை. மெத்தை போன்ற பஞ்சு பயன்படாது, அது அழுந்திப்போகும். யோகா விரிப்பில் வருவதுபோல அழுத்தினால் மெதுவாகத் திரும்பும், நீரை உறிஞ்சாத ஃபோம் நல்லது.

லென்ஸ் கீழ்நோக்கி இருக்கட்டும். ஆனால் லென்ஸின் முனை பையின் அடியில் ஊன்றி நிற்கக் கூடாது. கேமராவின் தோள்பகுதி இருபுறமும் ஃபோமில் தாங்கி நிற்க, லென்ஸ் அடியைத் தொடாமல் தொங்க வேண்டும். நீளமான லென்ஸைப் பூட்டியபடி படுக்கவைத்தால் ஒவ்வொரு குலுக்கலும் லென்ஸ் சேரும் வளையத்தை நெம்பும். சிறிய லென்ஸ் என்றால் மாட்டியே வையுங்கள். வழியில் கழற்றி மாட்டும்போது போகும் தூசி அதைவிடக் கெடுதல்.

ஸ்பேனர், பம்ப், சங்கிலி எண்ணெய் எதுவும் கேமரா உள்ள பையில் இருக்கக் கூடாது. உபரி பேட்டரிகளைச் சாவிக்கொத்தோடு போடாதீர்கள். முனைகள் இரும்பில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் சூடாகும். முனைகளின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும்.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளி வடிகட்டியை (ஃபில்டர்) விரலால் இறுக்குங்கள், பலம் கொண்ட மட்டும் வேண்டாம். அதிர்வில் அது தளரவும் செய்யும், மரை இறுகிக் கழற்ற முடியாமல் சிக்கவும் செய்யும்.

5. டயரில் காற்று

செலவே இல்லாத வேலை, பலரும் செய்வதில்லை. அகலமான டயரும் குறைவான காற்றும் அதிர்வைக் குறைக்கும். பல டயர்களின் பக்கவாட்டில் குறைந்தபட்ச, அதிகபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் சற்றே இறக்கி ஓட்டிப் பாருங்கள். குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாதீர்கள், டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

கேமராவைத் தாங்கும் சைக்கிள் போல்ட்டுகளுக்கு நீல நிற, நடுத்தர வலுவுள்ள திருகுப் பசையில் (திருகு தளராமல் பிடித்துவைக்கும் பசை) ஒரு சொட்டு விடலாம். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற வழக்கமாகச் சூடுபடுத்த வேண்டிவரும். பிளாஸ்டிக் பாகங்களில் எந்த நிறமும் படக்கூடாது, சில பிளாஸ்டிக்குகள் வெடிப்பு விடும். லென்ஸ் திருகுகளில் நீங்களாகவே பசை விடும் எண்ணம் வந்தால் கைவிட்டுவிடுங்கள்.

6. மழை, வியர்வை, தூசி

'வெதர் சீல்' என்று பெட்டியில் எழுதியிருப்பது தயாரிப்பாளரின் சொல், அதற்கென்று பொதுவான அளவுகோல் இல்லை. அளவுகோல் உள்ளது, தூசியும் நீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணுக்கு. ஐபிஎக்ஸ்7 என்றால் நீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் தாங்கும். அந்த எண் போடாத கேமராவை நனையும் என்றே கருதுங்கள். வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை நம்பகமானது, குறைந்தது மூன்று மடிப்பு மடித்துப் பக்கிளைப் போடுங்கள்.

பலர் மறப்பது வியர்வையை. முதுகிலோ இடுப்பிலோ உள்ள பை இரண்டு மணி நேரத்தில் உள்ளே ஈரமாகிவிடும். உப்புள்ள ஈரம். உடம்பை ஒட்டும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் செருகுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே கிடக்கட்டும்.

குளிரான இடத்திலிருந்து ஈரமும் வெப்பமும் உள்ள இடத்துக்கு வந்தவுடன் பையைத் திறக்காதீர்கள். கண்ணாடியில் நீர் படியும், உள்பக்கமும் படியும். ஒரு மணி நேரம் மூடியே வையுங்கள். வீடு திரும்பியதும் நேர்மாறாக: பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். ஈரப் பைக்குள் வாரக்கணக்கில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உலர்பெட்டி இருந்தால் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம்வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஆவணங்கள்: புறப்படும் முன், ஒரே மாலையில்

நான் ஆறு வாரம் அலைந்ததில் பாதி, காகிதம் கையில் இல்லாததால். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடிகிற வேலை இது.

முதலில் கேமரா, லென்ஸ் இரண்டின் சீரியல் நம்பரையும் படம் எடுங்கள். கேமராவில் அது பெரும்பாலும் அடிப்பகுதியில், சிலவற்றில் மடக்குத்திரைக்குப் பின்னால் இருக்கும். லென்ஸில் வளையத்தருகே. அடுத்து பில்லை எடுத்து அதில் இதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். என் பில்லில் மாடல் பெயர் மட்டுமே இருந்தது. அந்தக் கேமராதான் இந்தக் கேமரா என்று நிரூபிக்கவே இரண்டு வாரம் போனது. வாங்கும்போதே எண்ணை எழுதச் சொல்லிக் கேளுங்கள். பில் தொலைந்துவிட்டதா? பல கேமராக்கள் ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் தகவலிலும் (படக்கோப்புக்குள் கேமரா தானாக எழுதும் விவரங்கள்) தம் சீரியல் நம்பரைப் பதிக்கின்றன. பழைய படம் ஒன்றை அதன் மூலக்கோப்பாகவே பத்திரப்படுத்துங்கள், கேமரா உங்களிடம் எப்போதிருந்து இருக்கிறது என்பதற்கு அது உதவும்.

இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள். சைக்கிளில் கொண்டுபோகும்போது நடக்கும் விபத்து சேருமா? கவனிக்க ஆளில்லாமல் விட்டுச்சென்றால் திருட்டுக்குப் பணம் கிடைக்குமா? படிப்படியான சேதம், தேய்மானம், இயந்திரக் கோளாறு ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றனவா? படம் எடுத்துச் சம்பாதிப்பவர்கள் சேர்வார்களா? மூன்றாவதில்தான் நான் மாட்டினேன். பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு எழுத்திலேயே வாங்குங்கள். பொருள் வாங்கிச் சில நாட்களுக்குள் சேர்ந்தால்தான் ஏற்போம் என்று சொல்பவர்களும் உண்டு, ஆகவே தள்ளிப்போட வேண்டாம். திருட்டுப் போனால் அன்றே காவல்துறையில் புகார் கொடுத்து நகல் வாங்கிவிடுங்கள். நகல் இல்லாமல் கோரிக்கை நகராது.

எல்லை தாண்டும் பயணம் என்றால் இன்னும் இரண்டு. திரும்பும்போது சுங்கத்தில், இது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி வரலாம். புறப்படும் முன் சுங்கத்தில் காட்டிப் பதிவு செய்யும் வசதி உண்டா என்று கேளுங்கள், குறைந்தபட்சம் பில் நகல் கையில் இருக்கட்டும். தொழில்முறையாகப் பல கருவிகளைக் கொண்டுபோகிறவர்களுக்கு, சுங்கவரி இல்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்வர ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும், ஒவ்வொரு பொருளும் அதில் பட்டியலாக வர வேண்டும்.

சைக்கிளோடு விமானத்தில் போகிறவர்கள் உபரி லித்தியம் பேட்டரிகளைச் சைக்கிள் பெட்டியில் போடக்கூடாது. அவை கைப்பையில்தான் வர வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. கேமரா பேட்டரி பெரும்பாலும் 20 வாட்-மணிக்குள் அடங்கும். எண் அச்சிடாத பேட்டரி என்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள்: 7.2 வோல்ட், 2280 மில்லிஆம்பியர்-மணி (2.28 ஆம்பியர்-மணி) என்றால் ஏறக்குறைய 16.4 வாட்-மணி.

8. எதற்கு முதலில் செலவு செய்வது

காசு குறைவாக இருந்தால் இந்த வரிசையில் போங்கள். முதலில் நல்ல ஃபோம், நீர்புகாப் பை. இரண்டும் சேர்ந்து கேமரா விலையில் சிறு துளிதான். அடுத்து துணை வார் உள்ள ஸ்லிங். அதன்பின் இன்சூரன்ஸ். ஏற்கெனவே வைத்திருக்கும் சாதாரண இடுப்புப் பைக்குள் ஃபோம் உறை ஒன்றைச் செருகினாலும் முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். கேமராவுக்கென்றே விற்கும் விலையுயர்ந்த ஹேண்டில்பார் பைகளைத்தான் புதியவர்கள் முதலில் வாங்குகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

9. முதல் இரண்டு வாரம் சோதனை

கிளம்புவதற்கு முந்தைய நாள், செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே முக்காலியில் கேமராவை வைத்து, லென்ஸின் ஒளித்துளையை முழுவதும் திறந்து (மிகச் சிறிய எஃப் எண்) ஒரு படம் எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு கூர்மையாக இருக்க வேண்டும். அந்தப் படத்தை அழிக்காதீர்கள். இரண்டு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு அதே சுவர், அதே தூரம், அதே அமைப்பில் இன்னொன்று. ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் வைக்கும் இடத்தை அன்றே மாற்றிவிட்டு லென்ஸைச் சோதிக்கக் கொடுங்கள். உத்தரவாதக் காலம் முடியுமுன் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துவிடுங்கள். இதை நான் செய்திருந்தால் மூன்று நாள் படங்கள் மிஞ்சியிருக்கும்.

முதல் நாள் ஒரு மணி நேரத்தில் நிறுத்தி, பையின் எல்லாப் பக்கிளையும் போல்ட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போதும்.

10. வழியில்

ஓடிக்கொண்டே கேமராவை எடுக்காதீர்கள். சாலையைவிட்டு முழுவதும் ஒதுங்கி, இரண்டு காலையும் ஊன்றிய பிறகு எடுங்கள். நிறுத்தியதிலிருந்து முதல் படம்வரை பத்து விநாடிக்குமேல் ஆனால் உங்கள் பையின் அமைப்பை மாற்ற வேண்டும், ஏனென்றால் அலுப்பில் எடுக்காமலே போய்விடுவீர்கள். வீட்டு வாசலில் நின்று இருபது முறை எடுத்து வைத்துப் பழகுங்கள்.

கேமராவை முன்கூட்டியே தயாராக வைக்கலாம். பகலில் ஒளித்துளை எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தானியங்கி, ஷட்டர் வேகம் குறைந்தது 1/500 விநாடி. மூச்சு வாங்கும்போது கை நடுங்கும், அந்த வேகம் அதைச் சமாளிக்கும்.

மெமரி அட்டையின் முதல் படமாக உங்கள் பெயரும் தொடர்பு எண்ணும் எழுதிய காகிதத்தை எடுத்து வையுங்கள். இரவு தங்கும் இடத்தில் அன்றைய அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாளுக்கு வேறு அட்டை போடுங்கள். பையைக் கழற்றாமல் சைக்கிளை விட்டு எங்கும் போகாதீர்கள், தண்ணீர் வாங்கும் இரண்டு நிமிடத்துக்குக்கூட. இடுப்பிலேயே இருக்கும் பையில் அந்தக் கவலை இல்லை.